ஐப்பசி மழையும் தொடக்கப் பள்ளியும்: வெளிவகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறக்கும்போது நெல்லைச் சீமையில் வெயில் இன்னும் தணிந்திருக்காது. பாளையங்கோட்டையிலும் நாங்குநேரிப் பக்கத்திலும் பிள்ளைகள் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே வியர்த்துப் போய் நிற்பார்கள். இரண்டு மூன்று வாரங்களில் வானம் மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். 2012-13-ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்ததிலிருந்து இரண்டாம் பருவம் ஏறத்தாழ முழுவதும் இந்த மழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே, "மழைக்காலம் ஆயிற்றே, வெளிவகுப்பை எல்லாம் மூன்றாம் பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது பல பள்ளிகளில் பழக்கமாகிவிட்டது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் தள்ளிப்போட்டேன். மூன்றாம் பருவத்தின் முடிவில் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனால் குளத்தில் தண்ணீர் வற்றியிருக்கும், பிசான நெல் அறுவடை முடிந்து வயல் வெறும் தாளாகக் கிடக்கும், பூச்சியும் புல்லும் ஒடுங்கியிருக்கும். இந்த வட்டாரத்தில் கண்ணால் பார்த்துக் கற்பதற்கு மிக அதிகமாகக் கிடைக்கும் மூன்று மாதங்களை நாம்தாம் கதவைச் சாத்திக்கொண்டு இழக்கிறோம்.

அடுத்த தவறு சுவரில் ஒட்டியிருக்கும் பருவகால அட்டையிலிருந்து வருகிறது. அதில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம் என்று போட்டு, சிவந்த இலைகள் கொட்டுவதைப் படமாக வரைந்திருப்பார்கள். இங்கிலாந்தில் அந்த மாதங்களில் ஓக், மேப்பிள் மரங்களின் இலை நிறம் மாறி உதிர்வது உண்மை. அங்குள்ள தொடக்கப் பள்ளிகள் அவற்றைப் பொறுக்கி வைத்துப் பாடம் நடத்துவதும் பொருத்தமே. நம் பள்ளி முற்றத்து வேம்பு இலை உதிர்ப்பதோ மாசி, பங்குனியில். ஐப்பசியில் அது தழைத்து நிற்கும். அக்டோபரில் "உதிர்ந்த இலைகளைச் சேகரித்து ஒட்டி வருக" என்று வீட்டுப்பாடம் கொடுத்தால், பிள்ளை பச்சை இலையைப் பறித்துக் கொண்டு வரும். பருவம் என்பது அட்டையில் இருப்பது, கண்ணால் காண்பது அன்று என்ற எண்ணமும் அதன் மனத்தில் பதிந்துவிடும். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று நம் முன்னோர் தனிப் பெரும்பொழுதாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். நாற்றங்கால் விடுவதும், நடவும், வாய்க்காலில் தண்ணீர் வருவதும், மழை விட்ட மாலையில் தட்டான்கள் தாழப் பறப்பதும், இரவெல்லாம் தவளை கத்துவதும்தான் கூதிருக்குரிய பாடங்கள். அட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் நம் ஊர் ஐப்பசியைப் பிள்ளைகளே வரைந்து ஒட்டட்டும்.

வெளிவகுப்பு என்றாலே சுற்றுலா என்று எண்ணுவதும் தவறே. பேருந்து, அனுமதிக் கடிதம், சோற்றுப் பொட்டலம் என்று ஆண்டுக்கு ஒரு நாள் திரண்டு போய் வருவதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டுமானால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வாரம் இரு நாள், இருபது நிமிடம், பள்ளி வளாகத்தின் அதே மூலை என்பது போதும். ஒரு மழைக்குப் பிந்திய காலையில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செம்மண்ணில் ஊர்ந்த பட்டுப்பூச்சியை (பட்டு நூல் தருவது அன்று, மழைக்குப் பின் தரையில் ஊரும் சிவப்பு வெல்வெட் போன்ற சிற்றுயிர்) சுற்றிக் குந்தியிருந்தார்கள். "பூச்சிக்கு ஆறு கால்" என்று முந்தின வாரம்தான் நான் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு சிறுமி தலையைத் தரையோடு வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்கு எட்டுக் காலுல்லா இருக்கு!" என்றாள். அவள் எண்ணியது சரி. பெயரில் பூச்சி இருந்தாலும் அது சிலந்தி, தேள் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. நான் முந்திக்கொண்டு அதைச் சொல்லியிருந்தால் அந்தத் தலை தரைக்குக் குனிந்திருக்காது. விடையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பொருளைக் காட்டுவது வெளிவகுப்பில் நாம் அடிக்கடி செய்யும் பிழை. அந்த உயிரைத் தீப்பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோக விடுவதும் அப்படித்தான். மறுநாள் அது செத்துக் கிடக்கும்.

மழைமானி செய்யாத பள்ளி இல்லை. சரியாகச் செய்த பள்ளிகளோ குறைவு. பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டி வைத்துவிடுகிறோம். போத்தலின் அடி சமமாக இராது. மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆகையால் அளவுகோலின் சுழியத்தை அடியில் வைத்தால் கணக்கு முதல் நாளே பிழையாகிறது. அடியில் கூழாங்கல் போட்டு, பக்கச்சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கேதான் சுழியத்தைக் குறிக்க வேண்டும். கூழாங்கல் போட்டால் காற்றில் சாயாமலும் நிற்கும். இடுப்பு ஒடுங்கிய போத்தலை எடுக்கவே கூடாது. வைக்கும் இடத்தில் நடக்கும் தவறு இதைவிடப் பெரிது: பிள்ளைகள் மிதித்துவிடுவார்கள் என்று கூரையோரத்திலோ வேம்படியிலோ வைத்துவிட்டால், நாம் அளப்பது கூரைத் தண்ணீரையும் இலைத் தண்ணீரையும்தான். அருகிலுள்ள சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி வைப்பது நல்லது.

அகன்ற பாத்திரம் வைத்தால் மழை அதிகமாகக் காட்டும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புவார்கள். அதை வாயால் மறுக்க வேண்டாம். மழைமானிக்குப் பக்கத்தில் சுவர் நேராக உள்ள ஓர் அகன்ற சம்படத்தையும் திறந்து வைத்து, மறுநாள் இரண்டிலும் அளவுகோலை விட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். இரண்டிலும் நீரின் உயரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் கண்டதும் அவர்களுக்குள் எழும் வாக்குவாதம் அரை மணி நேரப் பாடத்துக்குச் சமம். அதன் பிறகு, ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எட்டிவிடுவார்கள்.

நேரத்தை மாற்றி மாற்றி அளப்பது இன்னொரு பிழை. வானிலைத் துறை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு, முந்தின 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. நாமும் அதே நேரத்தில் அளந்து, போத்தலைச் சுழியக் குறி வரை குறைத்துவிட்டால், செய்தித்தாளில் வரும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம், ராதாபுரம் அளவுகளோடு நம் அளவையும் வைத்துப் பார்க்கலாம். மாஞ்சோலை மலையிலுள்ள ஊத்தும் நாலுமுக்கும் கொட்டித் தீர்த்த நாளில் ராதாபுரத்தில் தூறல் மட்டும் விழுந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளை, மலை மழையைத் தடுத்துப் பெய்விக்கிறது என்பதைத் தன் நோட்டிலிருந்தே படித்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவானது ஏறத்தாழ 95 செ.மீ. அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதுவதோடு விடாமல், சுவரில் தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு வரும். நம் மழைமானியோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட உயரம் இல்லாதது.

இந்தப் பருவத்துக்கென்றே அமைந்ததுபோல் நம்மிடம் இருக்கும் ஒரு பொருளை நாம் மறந்துவிடுகிறோம், அது பனங்கொட்டை. அவரையும் பாசிப்பயறும் பஞ்சில் முளைக்க வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறோம். பனங்கொட்டை ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தும். அக்டோபரில் பள்ளி திறந்த பிறகு புதைக்கலாம் என்று காத்திருப்பது தவறு. பழம் விழுவது ஆடி, ஆவணியில். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே கொட்டைகளைச் சேர்த்து, இளகிய மண்ணை மேடாகப் போட்டுப் பதித்துவிட வேண்டும். அப்போதுதான் பொங்கலை ஒட்டிக் கிழங்கு பிடுங்கலாம். எண்ணிப் பத்துக் கொட்டை மட்டும் வைப்பதும் தவறு. முளைத்துவிட்டதா என்று பார்க்க யாராவது ஒரு பிள்ளை தோண்டியே தீரும். தோண்டாதே என்று அதட்டுவதைவிட, தோண்டுவதற்கென்றே கொட்டை வைப்பது மேல். நாங்கள் நாற்பது கொட்டை வைத்து, பதினைந்து நாளுக்கு ஒன்று என்று முறை வைத்துத் தோண்டினோம்.

முதல் கொட்டையைத் தோண்டிய அன்று மேலே எதுவும் வந்திருக்கவில்லை. மண்ணை விலக்கியபோது விரல் பருமனில் வெள்ளையாக ஒன்று கொட்டையிலிருந்து புறப்பட்டு நேராகக் கீழே இறங்கியிருந்தது. "டீச்சர், இது தலைகீழா முளைக்கி" என்று ஒரு பையன் சொன்னான். பயறு மேல்நோக்கி வந்ததைப் பார்த்துப் பழகிய கண் அது. பனையின் முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அங்கேதான் கிழங்கைக் கட்டுகிறது. இலை வெளியே வருவது அதற்குப் பிறகுதான். வெட்டிப் பார்த்த கொட்டைக்குள் வெண்மையாகத் தவுன் என்னும் பஞ்சு போன்ற உண்ணும் பகுதி திரண்டிருந்தது. அதைப் பங்கிட்டுத் தின்றுகொண்டே, முன்பு கல்லாக இருந்த பருப்பு எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் வந்துவிட்டார்கள். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: கொட்டையை வெட்டும் அரிவாள் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. ஊரில் பனைத்தொழில் தெரிந்த தாத்தா ஒருவரை அழைத்து வெட்டச் சொன்னால், அரிவாளைப் பற்றிய கவலையும் தீரும், புத்தகத்தில் இல்லாத பல செய்திகளும் வகுப்புக்கு வந்து சேரும். சத்துணவுக்கூடத்து அக்கா பனை பற்றி அறிந்திருப்பதில் பாதிகூட எனக்குத் தெரியாது.

இனிச் சொல்லப்போகும் தவறுகளில் விட்டுக்கொடுத்தலுக்கே இடமில்லை. ஐப்பசியில் மாலைநேர இடிமழை வழக்கம். தூறல் விழுந்ததும் மரத்தடிக்கு ஓடுங்கள் என்று பிள்ளைகளை விரட்டுவது, பொட்டலில் தனித்து நிற்கும் பனையின் அடியில்கூட ஒதுங்கவிடுவது, உயிரோடு விளையாடுவது. இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் நாம் இருக்கிறோம் என்று பொருள். உடனே கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே மீண்டும் வெளியே வர வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். அந்தக் கணக்கை வகுப்பறைச் சன்னலிலிருந்து செய்யட்டும்.

தொடர்ந்து நனைந்த பழஞ்சுவர் அருகே பிள்ளைகளை உட்கார வைப்பது அடுத்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கவே கூடாது. பருவமழைக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவினரோடு வளாகத்தைச் சுற்றி வந்து, சந்தேகமான சுவருக்குப் பக்கம் யாரும் போகாதபடி கயிறு கட்டி, எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

குளத்துக்குக் கூட்டிப் போவதில் உள்ள ஆபத்தை, அதே குளத்தில் நீந்தி வளர்ந்த நம்மில் பலர் குறைத்து மதிப்பிடுகிறோம். கோடையில் வண்டல் எடுத்த பள்ளங்கள் ஐப்பசியில் தண்ணீருக்கு அடியில் மறைந்து கிடக்கும். நாம் சிறுவயதில் அறிந்த கரை இன்று இருக்காது. தாமிரபரணிப் படித்துறைக்கு இந்தப் பருவத்தில் வகுப்பைக் கூட்டிச் செல்வதே வேண்டாம். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிரம்பும் காலம் இது; மேலே திறக்கும் தண்ணீர், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் ஏறிவரும். ஆறு வேலை செய்யும் விதத்தைக் காட்ட ஆற்றுக்கே போக வேண்டியதும் இல்லை. மழை விட்டதும் பள்ளி முற்றத்தில் ஓடும் சிறு ஓடையைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவின் வெளிப்பக்கம் கரை அரிபடுவதையும், உட்பக்கம் மணல் ஒதுங்குவதையும், வேகம் குறையும் இடத்தில் முதலில் பருமணலும் கடைசியில் களியும் படிவதையும் முழங்கால் மடக்கி உட்கார்ந்தே காணலாம்.

சிறியவை சில. செருப்பை வகுப்பு வாசலில் கழற்றிய பிள்ளைகள் வெறுங்காலோடு புல்லுக்குள் இறங்குவது மழைக்காலத்தில் கூடாது. கல்லைக் கையால் புரட்டாமல் நீண்ட குச்சியால் புரட்டப் பழக்க வேண்டும், தேள் இருக்கும். எருக்கிலையில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவைத் தேடும்போது இலையைக் கிள்ளக் கூடாது. அந்தப் பால் கண்ணில் பட்டால் துன்பம். தோட்டத்துச் சிரட்டை, பழைய டயர், நாமே வைத்த மழைமானி ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டியாக வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து ஏழெட்டு நாளில் பறக்கத் தொடங்கிவிடும்.

பருவம் முழுவதும் செயல்பாடுகளைப் பார்த்து மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டுப் பதிவேட்டில் மதிப்பெண் போடுவதற்காக மட்டும் டிசம்பரில் அவசரமாக ஒரு வெளிச்செயல்பாட்டை நடத்திப் படம் எடுத்து வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம். மழை விடுமுறையில் போன நாள்களை ஈடுகட்டச் சனிக்கிழமை வகுப்பு வைக்கும்போது முதலில் பலியாவதும் வெளிவகுப்புதான். பிள்ளையின் மழைக்கணக்கு நோட்டும் பனங்கொட்டைப் படங்களும் இருந்தால் மதிப்பீட்டுக்கு வேறு சான்று எதற்கு?

கடைசியாகக் கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டிப் பக்கத்திலுள்ள இந்த ஊர் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மழைப் பருவம் தொடங்கியதும் நவம்பரிலேயே சுற்றுலாத் தேதி குறித்துவிட்டுப் போய், பறவையே இல்லையே என்று திரும்பி வரும் பள்ளிகள் உண்டு. பறவைகள் பெருமளவில் வரத் தொடங்குவது மார்கழியில்தான். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்கப் பொங்கலுக்குப் பிந்திய நாள்களே ஏற்றவை. ஆகவே இதை மட்டும் மூன்றாம் பருவத்துக்குத் தள்ளி வைக்கலாம். பறவைக்காக வெடிச்சத்தத்தையே தவிர்க்கும் ஊர் அது. பேருந்தை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு, பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாக நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். உடற்கல்வி வகுப்பு விசில் அன்று பள்ளியிலேயே இருக்கட்டும்.