தீசிஸ் நகரவில்லையா? ஊர்ப்பக்கம் போய் ஓர் எழுத்து முகாம் போடுங்கள்

பிஎச்.டி. கோர்ஸ் ஒர்க் முடிந்தது, டேட்டாவும் கையில் இருக்கிறது. ஆனால் டிசி (ஆய்வை மேற்பார்வையிடும் டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் "எழுத ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டால் மட்டும் பேச்சு வரவில்லை என்பவர்களுக்கான பதிவு இது. ஆறேழு பேர் சேர்ந்து மூன்று நாள் கிராமத்துப் பக்கம் போய் உட்கார்ந்தால், ஒரு பருவம் முழுக்க இழுத்தடித்த சாப்டருக்கு வரைவாவது வந்துவிடும். காற்றும் வயலும் எழுத வைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எழுத வைப்பது கால அட்டவணைதான்.

ஸ்காட்லாந்தில் பேராசிரியர் ரொவீனா மரே பரப்பிய முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் எழுத வேண்டும். தனித்தனி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது இதில் கிடையாது.

முதலில் ஆட்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். துறை வேறு வேறாக இருப்பது நல்லது. ஒரே துறை என்றால் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கும் கோட்பாட்டுச் சண்டை அடுத்த அமர்வையும் தின்றுவிடும். கைடை அழைக்காதீர்கள். அவர் எதிரே இருந்தால் மோசமான முதல் வரைவை எழுத யாருக்கும் கை வராது.

அடுத்து இடம். தென்காசிப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். இலஞ்சி, மேலகரம் பக்கம் வீடு பாருங்கள். குற்றால சீசனான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே போகவே வேண்டாம். வாடகையும் கூட்டமும் ஏறியிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். அருவியில் தண்ணீர் குறைந்திருக்கும், குளிக்கப் போகலாம் என்று கிளப்பிவிட ஆள் இருக்காது.

வீட்டுக்காரரிடம் வாசலிலிருந்து மலை தெரியுமா என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியது இவைதான்: எல்லோரும் உட்காரும் அளவுக்கு மேசை, கை வைக்காத நாற்காலி எத்தனை? இன்வெர்ட்டர் உண்டா, அதில் ஃபேன் மட்டும் ஓடுமா, லேப்டாப்புக்கும் பிளக் வருமா? மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் எது? காலையில் போனால் சாயங்காலம்தான் வரும் என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றை நீங்களே கொண்டுபோங்கள். பெண்கள் வருகிறார்கள் என்றால் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

பணம். மாதம் 37,000 ரூபாய் ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) வாங்குபவரும், எந்த உதவித்தொகையும் இல்லாமல் படிப்பவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். சமமாகப் பிரிப்பதா, முடிந்தவர் கூடத் தருவதா என்பதை டிக்கெட் போடும் முன்பே பேசிவிடுங்கள். சமையலுக்கு ஊரிலேயே ஒருவரை அமர்த்திவிட வேண்டும். முறை வைத்துச் சமைக்கிறோம் என்று கிளம்பினால் எழுத்து முகாம் சமையல் முகாமாகிவிடும்.

இலக்கு. முதல் நாள் காலையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசுங்கள். இப்படிப் போகும்:

"மூணாவது சாப்டர் முடிக்கணும் அக்கா."

"மூணாவதுல எது?"

"மெத்தடாலஜி."

"அதுல இன்னிக்குக் காலைல எது?"

"சாம்பிள் எப்படி எடுத்தேன்கிறது. ரெண்டு பக்கம்."

இந்த அளவுக்கு இறங்கி வந்தால்தான் இலக்கு. "சாப்டர் முடிக்கணும்" என்பது வெறும் ஆசை.

அட்டவணை. ஒன்பதரை முதல் பதினொன்று வரை எழுத்து. அரை மணி நேரம் டீ. பதினொன்றரை முதல் ஒரு மணி வரை மறுபடி எழுத்து. சாப்பாடு முடிந்து, இரண்டரை முதல் நாலு வரை மூன்றாவது அமர்வு. அவ்வளவுதான், ராத்திரி எழுத வேண்டாம், மறுநாள் காலை கெடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும், அதனால் தீசிஸில் வரும் டேபிள்களைச் சரிபார்ப்பது, அடிக்குறிப்பு போடுவது போன்ற வேலைகளை மூன்றாவது அமர்வுக்குத் தள்ளுங்கள். செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டர் பரோட்டா கடைசி நாள் ராத்திரிக்கு!

அமர்வின்போது எல்லாப் போன்களும் ஒரு கூடையில் கிடக்கட்டும், வைஃபை வேண்டாம். படிக்க வேண்டிய பிடிஎஃப்களை முன்பே இறக்கி சொட்டேரோவில் (Zotero, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துவைக்கும் மென்பொருள்) போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மேற்கோளின் பக்க எண் நினைவில்லையா? அந்த இடத்தில் "XX" என்று அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். தேடப் போனால் திரும்பி வரமாட்டீர்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. கணக்கை அங்கேயே தீர்த்துவிடுங்கள். அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு எல்லோரும் வீடியோ காலில் சேர்ந்து எழுதுவது என்று முடிவு செய்து, அதை வாட்ஸப் குழுவின் பெயராகவே வைத்துவிடுங்கள்.