டிசைன் மென்பொருளும் லாகின் மென்பொருளும்: சேர்த்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்துக்கு மென்பொருள் வாங்கும் பொறுப்பு கைக்கு வந்ததும் பலரும் முதலில் ஒரு எக்செல் தாளைத் திறப்பார்கள். ஒரு பக்கம் ஃபோட்டோஷாப், ஃபிக்மா, கேன்வா, கோரல்டிரா. இன்னொரு பக்கம் ஆக்டா, மைக்ரோசாஃப்ட் என்ட்ரா, கீக்ளோக், ஸோஹோ டைரக்டரி. ஒவ்வொரு வசதிக்கும் நேரே டிக், கடைசியில் தலைக்கு மாதம் எவ்வளவு என்ற கணக்கு. கிராபிக்ஸ் மென்பொருளுக்கு இந்தத் தாள் ஓரளவு உதவும். அடையாள மேலாண்மை மென்பொருள், அதாவது யாருக்கு எந்தச் செயலியில் நுழைய உரிமை என்பதை ஒரே இடத்திலிருந்து ஆளும் மென்பொருள், வேறு வகை. அதை இதே தாளில் எடைபோட்டால் முடிவு பிசகும்.

ஒரே டிக், இரண்டு பொருள்

'சிங்கிள் சைன்-ஆன்' (ஒரே லாகினில் எல்லாச் செயலிகளிலும் நுழைவது) என்ற வரியில் ஃபிக்மாவுக்கும் டிக் விழும், ஆக்டாவுக்கும் விழும். ஆனால் ஆக்டா நுழைவுச் சான்றைக் கொடுக்கும் இடம்; ஃபிக்மா அந்தச் சான்றைப் பார்த்துக் கதவைத் திறக்கும் இடம். ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. 'அணுகல் கட்டுப்பாடு' என்ற வரியும் அப்படித்தான். டிசைன் கருவியில் அதற்குப் பொருள், இந்த ஃபைலை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பது. அடையாளக் கருவியில், கணக்குப் பிரிவில் இருப்பவர் சம்பளச் செயலிக்குள் போகலாம், டிசைனர் போகக்கூடாது என்பது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பிழை, டிக்கை விலை கூடிய திட்டத்திலிருந்தும் விலையைக் குறைந்த திட்டத்திலிருந்தும் எடுத்து எழுதுவது. ஃபிக்மாவில் சாம்எல் முறை லாகின், அதாவது அடையாளக் கருவி தரும் சான்றோடு நுழைவது, ஆர்கனைசேஷன், என்டர்பிரைஸ் திட்டங்களில்தான் உண்டு. புரொஃபெஷனல் திட்டத்தில் இல்லை. 'கூகுள் மூலம் நுழைக' என்ற பொத்தான் இருக்கிறதே என்று அதற்கு டிக் போட்டுவிடாதீர்கள். அந்தப் பொத்தான் இருந்தும் ஊழியர் தன் சொந்த ஜிமெயிலில் கணக்கு தொடங்கலாம். அது உங்கள் கண்ணுக்கே தெரியாது.

தலைக்கணக்கு

80 பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் 6 டிசைனர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிசைன் மென்பொருளுக்கு 6 லைசென்ஸ் போதும். அடையாள மேலாண்மைக்கு 80 பேரையும் எண்ண வேண்டும். டிசைனர்களை மட்டும் சேர்த்தால் 'ஓரிடத்தில் ஆள்வது' என்ற பயனே போய்விடும். இலவசம் என்ற சொல்லும் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டையும் இறக்கி நிறுவினால் வேலை தொடங்கிவிடும், கணக்குகூட வேண்டாம். கீக்ளோக்குக்கும் லைசென்ஸ் கட்டணம் இல்லைதான். ஆனால் அதற்கு சர்வர், டேட்டாபேஸ், பேக்கப் வேண்டும். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மேம்படுத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் கட்டணச் சேவையை எடுப்பதே நல்லது.

சோதித்துப் பார்க்கும் விதம்

டிசைன் மென்பொருளைக் கண்ணால் சோதிக்கலாம். தமிழில் வேலை செய்கிறவர்கள் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' நான்கையும் யூனிகோட் எழுத்துருவில் தட்டி, பிடிஎஃப் எடுத்து, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். அமைப்பை மாற்றாமலே 'தமிழ் வராது' என்று மென்பொருளை ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடையாள மென்பொருளை அது நன்றாக ஓடும்போது சோதித்துப் பயனில்லை. உடையும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு போலிக் கணக்கு உருவாக்கி, அதை டிசைன் குழுவில் சேருங்கள். லைசென்ஸ் தானாகப் போய்ச் சேருகிறதா? மின்னஞ்சல் முகவரியை மாற்றுங்கள். பழைய கணக்கே தொடர்கிறதா, புதிதாக இரண்டாவது முளைக்கிறதா? ஓடிபி வரும் ஃபோன் தொலைந்ததாக வைத்துக்கொண்டு, உள்ளே வர எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். கடைசியாகக் கணக்கை முடக்கி, ஏற்கனவே திறந்திருக்கும் பிரவுசரில் ஃபைல் இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சோதனையில்தான் பலர் தோற்பார்கள். ஆளை அடையாளம் காணும் சாவியாக மின்னஞ்சலையோ பெயரையோ வைத்ததே காரணம். நம் பெயர்களில் இது இன்னும் சிக்கல். முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் பல கருவிகள் கட்டாயமாகக் கேட்கும்; நமக்கு இருப்பது ஒரு பெயரும் தலைப்பெழுத்தும். ஒருவர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் புள்ளி வைப்பார், ஒருவர் தலைப்பெழுத்தை முன்னால் போடுவார், ஒருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார். விதியை முதலிலேயே எழுதி வையுங்கள்: பெயர் முதல் கட்டம், தலைப்பெழுத்து இரண்டாம் கட்டம். பொருத்திப் பார்க்கும் சாவி, என்றும் மாறாத ஊழியர் எண்.

ஒரு லாகின், நாலு பேர்

சிறிய அச்சகங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் ஒரே அடோபி கணக்கை நாலு பேர் பகிர்வது சாதாரணமாகிவிட்டது. ஒரு கணக்கு ஒரே நேரத்தில் 2 கணினிகளில்தான் உள்நுழைந்திருக்க முடியும். மூன்றாமவர் நுழைய, வேறொருவர் வெளியே போக வேண்டும். இப்படிப் பகிர்வது உரிம விதிக்கும் பொருந்தாது. யார் ஃபைலை அழித்தார் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து, அந்தக் கடவுச்சொல்லே அலுவலக மின்னஞ்சலுக்கும் இருப்பது. 2013-இல் அடோபியில் நடந்த ஊடுருவலில் குறைந்தது 3.8 கோடிப் பயனர்களின் விவரம் போனது. கடவுச்சொற்கள் ஹேஷ் செய்யப்படாமல் (திரும்ப மீட்க முடியாத வடிவமாக மாற்றப்படாமல்), ஒரே கடவுச்சொல் எல்லோருக்கும் ஒரே குறியாகத் தெரியும்படி மறையாக்கப்பட்டிருந்தன. கடவுச்சொல்லை நினைவூட்டும் குறிப்புச் சொற்களோ அப்படியே வெளிப்படையாக இருந்தன. 2019 மே மாதம் கேன்வாவிலிருந்து சுமார் 13.9 கோடிப் பயனர்களின் தரவு களவு போனது. 'படம் வரையும் கணக்குதானே' என்று அலட்சியமாக விடக்கூடாது.

ஆள் போகும் நாள்

வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, டிசைனர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஃபைல் யாரிடம் நிற்கும் என்பதுதான். அலுவலக மின்னஞ்சலில் தொடங்கியிருந்தாலும், அவரே உருவாக்கிய தனிப்பட்ட அடோபி கணக்கு அவருடையதே. பிறகு நீங்கள் டிஎன்எஸ்-இல் (டொமைனின் முகவரிப் பதிவேட்டில்) டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டு, டொமைன் உங்களுடையது என்று நிரூபித்து நிறுவனக் கணக்குக்கு மாறினாலும் பழைய கணக்கு மறையாது. ஒரே மின்னஞ்சலுக்கு இரண்டு கணக்குகள் நிற்கும். நுழையும்போது தனிப்பட்டதா, நிறுவனத்தினுடையதா என்று கேட்கும். பழையதில் இருக்கும் ஃபைல்கள் தாமாக இடம் பெயராது. ஆகவே மாறும் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் உட்கார வைத்து ஃபைல்களை நகர்த்திவிடுங்கள்.

அடுத்த தவறு, முதல் லாகினிலேயே கணக்கு தானாக உருவாகும் வசதியை நம்பி ஸ்கிம் இணைப்பை, அதாவது அடையாளக் கருவியில் செய்யும் மாற்றங்களைச் செயலிக்கு அனுப்பும் இணைப்பை, விட்டுவிடுவது. அந்த வசதி கணக்கை உருவாக்கும். ஆள் போனபின் நீக்காது. ஸ்கிம் இருந்தால் முடக்கும் செய்தி டிசைன் செயலிக்கும் போய்ச் சேரும். அதுவும் உடனடியாக அல்ல: என்ட்ராவில் ஒரு சுற்றுக்கு சுமார் 40 நிமிடம். அவசரமென்றால் டிசைன் செயலியின் அட்மின் பக்கத்திலேயே போய் வெளியேற்றுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் கணக்கை முடக்குங்கள், அழிக்காதீர்கள். பிறகு அவர் ஏற்கனவே நுழைந்து திறந்து வைத்திருக்கும் அமர்வுகளை மூடுங்கள். ஃபைல்களை இன்னொருவர் பெயருக்கு மாற்றுங்கள். அவர் கணக்கில் இயக்கியிருந்த அடோபி ஃபாண்ட்ஸ் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அவை சந்தாவோடு ஒட்டியவை, உரிமம் இல்லாத கணினியில் அதே ஃபைலைத் திறந்தால் எழுத்துரு இல்லை என்ற எச்சரிக்கைதான் வரும். கடைசியாக லைசென்ஸைத் திரும்ப எடுங்கள். லாகினை மட்டும் மூடிவிட்டு இதை மறந்தால், யாரும் பயன்படுத்தாத லைசென்ஸுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இத்தனை செய்தும் 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று பகிர்ந்த ஃபைல்கள் திறந்தே கிடக்கும். அங்கே லாகினே கேட்காததால் அடையாள மென்பொருளுக்கு வேலையில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மூட வேண்டும்.

சான்றிதழ் தேதி

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு காலையில் ஒருவராலும் நுழைய முடியாமல் போகும். பெரும்பாலும், நுழைவுச் சான்று உண்மையானது என்று உறுதிசெய்யும் சாம்எல் கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். என்ட்ரா தானாக உருவாக்குவதன் ஆயுள் 3 ஆண்டு. சொந்த சர்வர் என்றால் அதன் கடிகாரம் சில நிமிடம் பிசகினாலும் சான்று செல்லாது. காலாவதித் தேதியை 60 நாள் முன்னதாகவே நினைவூட்டும்படி, இரண்டு பேரின் நாட்காட்டியில் பதியுங்கள். சிங்கிள் சைன்-ஆன் வழியே போகாத அவசர அட்மின் கணக்குகள் இரண்டு வைத்திருங்கள். கடவுச்சொற்களை உறையிலிட்டுப் பூட்டி வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை நுழைந்து பாருங்கள்.