நுரையீரல் ஆபரேஷன் முடிந்து வீடு வந்தாயிற்று, இனி என்ன பயிற்சி?

நமக்கு வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. புற்றுநோய்க்காக அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தேங்கும், நிமோனியா வரலாம். அதனால் வலி மாத்திரையைத் தவிர்க்காதீர்கள். போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

1. மூன்று பந்துக் கருவி

மூச்சுப் பயிற்சிக்கான, குழாயும் மூன்று சிறு பந்துகளும் உள்ள கருவி இது. பலரும் இதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்! நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் கவ்வி மெதுவாக உள்ளே இழுங்கள். மூன்று பந்தையும் வெடுக்கென்று தூக்குவதைவிட, ஒரு பந்தை இரண்டு மூன்று நொடி மேலேயே நிறுத்துவதுதான் நல்லது. விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை பத்து மூச்சு. நடுநடுவே இளைப்பாறுங்கள், தலை சுற்றாது.

2. இருமல்

தையல் பிரிந்துவிடும் என்று இருமலை அடக்க வேண்டாம். காயத்தின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். முதலில், மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அப்படி வாயைத் திறந்து இரண்டு தடவை 'ஹா' என்று ஊதினால் சளி மேலே ஏறி வரும்.

3. தோள்

ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். இன்னொரு கையால் பிடித்து, தாங்கும் அளவுக்கு மேலே தூக்குங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர்க் குடம், பேரப்பிள்ளை எதையும் மருத்துவர் சரி என்னும் வரை தூக்காதீர்கள்.

4. நடை

எனக்கு இதுதான் முக்கியம். வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. முடிந்தால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். நின்று, மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நிதானமாக விடுங்கள். மாடிப்படியில் ஏறும்போதும் இதே முறைதான். சோர்வான நாளில் நேரத்தைக் குறையுங்கள், நடையை விடாதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிந்தைய பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, பயிற்சி செய்தவர்களின் உடல்திறனும் தொடைத் தசை வலிமையும் கூடியதாகச் சொல்கிறது.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம்: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.