காமிக்ஸ் வசனப் போட்டி: கேள்வி கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

பழைய காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் போதும், அரை மணி நேரத்துக்குள் ஒருவர் மற்றவரைச் சோதிக்க ஆரம்பித்துவிடுவார். "இந்த வசனம் எந்தக் கதையில வரும், சொல்லுங்க பார்ப்போம்!" புதுச்சேரியில் இதற்குக் கடற்கரைச் சாலை தோதான இடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டிகள் வராது, காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுப்பமாட்டார்கள். கடலூர்க்காரர்களுக்கு சில்வர் பீச் இருக்கிறது. விளையாட்டு நல்ல விளையாட்டுதான், ஆனால் பாதி நாள் வாக்குவாதத்தில் போய் முடிகிறது. பதில் சொன்னவருக்கு மறதி என்று பழி போடுகிறோம். என்னைக் கேட்டால், பெரும்பாலும் கேள்வியில்தான் கோளாறு.

முதல் கோளாறு, எந்தப் புத்தகம் என்று சொல்லாமலேயே கேட்பது. கடலூர் முதுநகர்க்காரர் ஒருவரும் முத்தியால்பேட்டைக்காரர் ஒருவரும் விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"தலைவரே, மாயாவி தன் கையைப் பத்தி வில்லன்கிட்ட என்ன சொல்வாரு?"

"எந்தக் கை? மண்டையோட்டு மோதிரம் போட்ட கையா?"

"மோதிரமா? நான் இரும்புக் கையைக் கேக்குறேன்!"

இருவரும் சொல்வது சரிதான். சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவி ஒருவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் ஆசாமி. பிரிட்டனின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் 1962-இல் பிறந்தவர். இன்னொருவர் லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேன்டம். ராணி காமிக்ஸ் வாசகருக்கு அவர்தான் மாயாவி. சிவகாசிப் புத்தகங்களில் அதே ஆள் வேதாளர். ஆக, 'மாயாவி' என்று மொட்டையாகக் கேட்டால் கேள்வியே செல்லாது. நாயகன், பதிப்பகம், கதைத் தலைப்பு ஆகிய மூன்றில் இரண்டையாவது முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதிப்பகம் ஒன்றாக இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஒரே கதை எண்பதுகளில் சின்ன அளவில் கறுப்பு வெள்ளையில் வந்திருக்கும், பிறகு பெரிய அளவில் வண்ணத்தில் மறுபதிப்பாக வந்திருக்கும். மறுபதிப்பில் நடையைத் திருத்துவார்கள், ஒரு வரியைச் சுருக்குவார்கள், பழைய நக்கல் ஒன்று காணாமல் போகும். 1985-இல் படித்தவரும் 2015-இல் படித்தவரும் தங்கள் பிரதியில் உள்ளதை அட்சரம் பிசகாமல் சொன்னாலும் இரண்டு வரிகளும் ஒத்துப்போகாது. அப்போது 'எது அசல்' என்று தீர்ப்புச் சொல்லக் கிளம்புபவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். இந்தக் கதைகளின் அசல் இங்கிலாந்திலோ இத்தாலியிலோ பெல்ஜியத்திலோ இருக்கிறது. நம் கையில் இருக்கும் இரண்டுமே தமிழாக்கங்கள். கேள்வி எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தப் பதிப்பே அந்தக் கேள்விக்கு அசல். அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

அடுத்து, எல்லாக் கதையிலும் வரும் வரியைக் கேட்பது. "குதிரையில் தனியாகப் போய்க்கொண்டே, தன்னந்தனி கௌபாய் நான், என் வீடு ரொம்ப தூரம் என்று லக்கி லூக் பாடுவது எந்தக் கதையில்?" கேட்டவர் மனதில் ஏதோ ஒரு கதை இருக்கும், அவர் சின்ன வயதில் நூறு தடவை புரட்டிய கதை. ஆனால் அந்தப் பாட்டு லக்கி லூக் கதைகளின் கடைசிப் படக் கட்டத்தில் வழக்கமாக வருவது. பிரெஞ்சுப் பதிப்பில்கூட அதை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பார்கள், அவ்வளவு நிலையான வரி. இத்தாலியிலிருந்து வந்த கௌபாய்க் கதை நாயகன் டெக்ஸ் வில்லரும் அவர் கூட்டாளி கார்சனும் ஊருக்குள் நுழைந்ததும் தடிமனான இறைச்சித் துண்டும் மலை மாதிரி உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பது, கார்சனின் வயதைச் சொல்லி டெக்ஸ் சீண்டுவது எல்லாம் இந்த வகைதான். இதில் ஒன்றை எடுத்து 'எந்தக் கதை' என்றால், தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மாதிரி விழிப்பார்கள். ஒரு வசனம் கேள்விக்குத் தகுதி பெற வேண்டுமானால், அந்தக் கதையில் மட்டும் நடக்கும் ஏதாவது ஒன்று அதற்குள் இருக்க வேண்டும். ஒரு பெயர், ஒரு பொருள், ஒரு பொய். வில்லனின் அடியாள் சொல்லும் பொய் ரொம்ப நல்ல கேள்வி. அதை நினைவில் வைத்திருப்பவர் கதையையே நினைவில் வைத்திருப்பார்.

"யார் சொன்னது?" என்ற கேள்வியில் ஒரு பொறி உண்டு. கட்டத்தின் மேல் ஓரத்தில் செவ்வகப் பெட்டிக்குள் வருவது கதைசொல்லியின் குரல். மேகம் மாதிரி இருக்கும் பலூனில் வருவது மனதுக்குள் நினைப்பது. வாலோடு கூடிய பலூனில் வருவதுதான் பேச்சு. நாளாக ஆக மூன்றும் மனதில் ஒன்றாகக் கலந்துவிடும். இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஸ்பைடர்மேன். பெரும் சக்தி வந்தால் பெரும் பொறுப்பும் கூடவே வர வேண்டும் என்ற வரியை யார் சொன்னது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் 'பென் மாமா' என்பார்கள். ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்த 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழில், 1962-இல், அந்த வரி யார் வாயிலும் வரவில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் பெட்டியில் இருக்கிறது. மாமாவின் வாயில் அது ஏறியது பிற்காலக் கதைகளிலும் படங்களிலும். (நம்ம ஊர் 'ஸ்பைடர்' வேறு ஆள். பிரிட்டனிலிருந்து வந்த கறுப்பு உடைக் குற்றச் சக்கரவர்த்தி. இரண்டையும் குழப்பினால் கடலூரில் யாரும் டீ வாங்கித் தரமாட்டார்கள்.)

இனி எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: சொல்லுக்குச் சொல் எதிர்பார்ப்பது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். மரத்தைக் குடைந்த ஓடம் பலர் எழுத்தில் சாதாரணப் படகாக மாறியிருந்தது, சீல் வேட்டை மீன்பிடிப்பாக மாறியிருந்தது. தெரியாததைத் தெரிந்ததாக மாற்றிக்கொண்டுதான் மனம் சேமித்து வைக்கிறது. நாமும் அதையேதான் செய்கிறோம். சிவகாசித் தமிழில் செந்தமிழாக வந்த ஒரு வசனத்தை நாற்பது வருஷம் கழித்துச் சொல்லும்போது, அது நம் வீட்டுத் தமிழாகிவிடும். ஜெய்சங்கர் கௌபாய்ப் படத்தில் கேட்ட ஒரு வாக்கியமும் வந்து ஒட்டிக்கொள்ளும். சொல்பவர் சத்தியம் செய்வார், அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே மதிப்பெண் எப்படி என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். கதைக்கு ஒரு மதிப்பெண், பேசியவருக்கு ஒன்று, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்று. வார்த்தை பிசகாமல் சொன்னால் கூடுதலாக ஒன்று, அவ்வளவுதான். கவனித்துப் பாருங்கள், வசனத்தை வரிக்கு வரி ஒப்பிப்பவர் சில சமயம் அதை யார், எதற்குச் சொன்னார் என்று கேட்டால் திணறுவார். வரியைத் தப்பாகச் சொல்லிவிட்டு, 'அப்போ மழை பெய்யும், குதிரை லாயத்துல ஒளிஞ்சிருப்பான், பக்கத்துல லாந்தர் விளக்கு தொங்கும்' என்று கட்டத்தையே கண்முன் கொண்டுவருபவரும் உண்டு. முதலாமவருக்கு முழு மதிப்பெண்ணும் இவருக்குப் பூஜ்யமும் கொடுக்கும் போட்டி எனக்குப் பிடிக்காது.

அப்புறம் பைண்டிங். பத்து, பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துத் தைத்து வைப்பது நம்மிடையே பழைய வழக்கம். புத்தகம் பிழைத்தது அதனால்தான், ஆதாரம் போனதும் அதனால்தான். தைக்கும்போது அட்டையைக் கிழித்து எறிந்திருப்பார்கள், அதோடு தலைப்பும் இதழ் எண்ணும் போய்விடும். உள்பக்க ஓரம் நூலுக்குள் போய்விடுவதால் இடப் பக்கத்தின் வலது ஓரப் பலூன்களில் ஒவ்வொரு வரியின் கடைசி ஓரிரு எழுத்துகளும் தெரியாது. 'போகமாட்' என்று நிற்கும். அது 'போகமாட்டேன்' என்பதா, 'போகமாட்டான்' என்பதா? பேசுபவர் தன்னைச் சொல்கிறாரா, வேறு ஒருவனையா? சின்ன வயதில் நாமே ஒன்றை ஊகித்துப் படித்து, அதுவே பதிந்துவிடும். பைண்டிங் பிரதியிலிருந்து கேள்வி எடுப்பவர் தையலை ஒட்டிய பலூனைத் தொடவே கூடாது. நடுப்பக்கம் காணாமல் போன பிரதியும் அப்படித்தான். விட்டுப்போன இரண்டு பக்கத்தை மனம் தானாக எழுதி நிரப்பியிருக்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்படிப்பட்ட பிரதிகள் நிறைய. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது, 2015-இல் கடலூரை வெள்ளம் வேறு வந்து புரட்டியது. பரணில் இருந்தது பிழைத்தது, கட்டிலுக்கு அடியில் இருந்தது கூழாகிப்போனது.

புதுச்சேரிக்கென்றே தனிக் குழப்பம் ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள், டின்டினையும் லக்கி லூக்கையும் பிரெஞ்சிலேயே படித்து வளர்ந்தவர்கள். தமிழில் ரின்டின் கேன் என்று நாம் சிரித்த அந்த முட்டாள் நாய் அவர்களுக்கு ரான்டான்பிளான். நமக்கு கேப்டன் டைகராக இருக்கும் நாயகன் அவர்களுக்கு புளூபெர்ரி. இவர்களையும் சேர்த்துக்கொண்டு விளையாடும்போது, தமிழ் வசனத்தைச் சொல்லிக் கதையைக் கேட்பது அநியாயம். காட்சியைச் சொல்லி, அங்கே என்ன பேசினார்கள் என்று அவரவர் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். நகைச்சுவைக் கதைகளுக்கு இது இன்னும் சுவையாக இருக்கும். சிலேடையை மொழிபெயர்க்க முடியாமல் நம் மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் என்ன வைத்தார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

விடை தேடக் கைப்பேசியை எடுப்பது, எடுக்காமல் இருப்பது பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, எல்லோரும் பையில் போட்டுவிட வேண்டியதுதான். சரிபார்க்கத் தேவையென்றால் கேள்வி கேட்பவர் அந்தப் பக்கத்தை முன்கூட்டியே படம் எடுத்து வரட்டும். புத்தகத்தையே கொண்டுவருவது பெருமைக்கு நன்றாக இருக்கும், எண்பதுகளின் சாணித்தாளுக்கு நல்லதில்லை. கடல் காற்றின் ஈரமும் பஜ்ஜி எண்ணெயும் பட்டால் மூலை மூலையாக உதிரும்.

கேள்வியின் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டும் 1984-இல் தொடங்கியவை. அன்று தொடங்கி வாங்கியவர் ஒருபக்கம் இருப்பார், 2012-க்குப் பிறகு வண்ண இதழ்கள் மூலம் உள்ளே வந்தவர் இன்னொரு பக்கம். பழைய ஆட்கள் தங்கள் காலத்துக் கேள்விகளாக வரிசையாகக் கேட்டு, புதியவரை வாயடைக்கச் செய்து மகிழ்வதைப் பார்க்கச் சகிக்காது. அவரும் ஒரு வண்ணத் தொகுப்பிலிருந்து திருப்பிக் கேட்டால் இவர்கள் நிலைமையும் அதேதான். ஆளுக்கு ஒரு சுற்று கேள்வி கேட்கும் உரிமை, இரண்டு தரப்பும் படித்த கதைகளுக்கு ஒரு பொதுச் சுற்று என்று பிரித்துக்கொண்டால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் தகராறு வந்தால், பக்கத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு கேட்டவருடையது. 'வீட்ல இருக்கு, நாளைக்குக் காட்டுறேன்' என்றால் அந்தக் கேள்வி ரத்து, அன்றைய டீக்காசும் அவர் கணக்கில்.