இனப்படுகொலை மறுப்புச் சட்டங்கள்: நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

இனப்படுகொலையை மறுப்பதற்கு எதிரான சட்டங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் முதலில் சறுக்குவது, அவை எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தவையாகக் கருதும் இடத்தில்தான். ஜெர்மனியின் தண்டனைச் சட்டம் 130ஆம் பிரிவு, நாஜி ஆட்சியில் நடந்த இனப்படுகொலையைப் பொதுவெளியில் மறுப்பதை, அது பொது அமைதியைக் குலைக்கக்கூடிய விதத்தில் இருந்தால், ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாக்குகிறது. பிரான்ஸின் 1990ஆம் ஆண்டு கேசோ சட்டமோ, எந்தக் குற்றத்தை மறுப்பது தண்டனைக்குரியது என்பதற்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயத்தின் சாசனத்தை அளவுகோலாகக் கொள்கிறது. ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம், வெறும் மறுப்பைத் தண்டிப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது என்று 2007இல் தீர்ப்பளித்து, இனப்படுகொலையை நியாயப்படுத்துவோரைத் தண்டிக்கும் பகுதியை மட்டும் விட்டுவைத்தது. 'ஐரோப்பாவில் மறுத்தால் சிறை' என்ற ஒற்றை வரியில் இத்தனை வேறுபாடும் காணாமல் போகிறது.

ஒரு படுகொலையை இனப்படுகொலை என்று அங்கீகரிக்கும் சட்டத்தையும் அதை மறுப்பவரைத் தண்டிக்கும் சட்டத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. முதல் உலகப் போர்க் காலத்தில் துருக்கிய ஒட்டோமான் பேரரசில் நடந்த ஆர்மீனியர் இனப்படுகொலையை பிரான்ஸ் 2001இல் சட்டத்தின் மூலம் அங்கீகரித்தது. ஆனால் அச்சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. மறுப்பைக் குற்றமாக்கி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம் 2012 பிப்ரவரியில் செல்லாததாக்கியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2021இல் இயற்றிய தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டமும் ஒரு வாரத்தை அறிவிக்கும் சட்டமே. யாரையும் அது தண்டிப்பதில்லை.

மிக அதிகமாகத் திரித்துச் சொல்லப்படுவது பெரின்செக் வழக்கு. துருக்கிய அரசியல்வாதி டோகு பெரின்செக், ஆர்மீனியர் இனப்படுகொலை என்பது 'சர்வதேசப் பொய்' என்று 2005இல் சுவிட்சர்லாந்தில் பேசியதற்காக அங்கு தண்டிக்கப்பட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, 2015 அக்டோபரில் 10க்கு 7 என்ற பெரும்பான்மையில், அத்தண்டனை அவருடைய கருத்துச் சுதந்திரத்தை மீறியதாகக் கூறியது. உடனே சிலர் 'இனப்படுகொலை நடக்கவில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று எழுதினார்கள். 1915இல் தொடங்கிய படுகொலைகளுக்கு என்ன பெயரிடுவது என்பதைத் தீர்மானிப்பது தன் வேலையன்று என்பதைத் தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. பேச்சு வெறுப்பைத் தூண்டியதா, அது பேசப்பட்ட நாட்டில் அந்நேரம் பதற்றம் நிலவியதா, ஆர்மீனியரின் கண்ணியத்தைக் காக்கக் குற்றத்தண்டனை தேவைப்பட்டதா என்பவையே அங்கு எடைபோடப்பட்டன. யூதப் படுகொலை மறுப்பை நீதிமன்றம் தனியாக நோக்கியதற்கு, நாஜிக் கொடுமையை அனுபவித்த நாடுகளுக்கு இருக்கும் தனிப் பொறுப்பை அது காரணமாகக் காட்டியது. இந்த வேறுபாடு எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. ஆர்மீனியருக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

யூதப் படுகொலையை மறுத்த பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங்கின் இரு வழக்குகளையும் ஒன்றாக்கிவிடுவோர் உண்டு. 2000இல் லண்டனில் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. தம்மை மறுப்பாளர் என்று எழுதிய வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது அவரே அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றார். மறுப்பைத் தண்டிக்கும் சட்டம் பிரிட்டனில் கிடையாது. மூன்றாண்டுச் சிறைத்தண்டனை அவருக்கு 2006இல் ஆஸ்திரியாவில்தான் கிடைத்தது.

வரலாற்றுப் பேச்சைத் தண்டிக்கும் அதிகாரம் எப்போதும் பாதிக்கப்பட்டோர் பக்கமே நிற்கும் என்று நம்புவதும் தவறு. துருக்கியின் தண்டனைச் சட்டம் 301ஆம் பிரிவு எதிர்த்திசையில் பாய்ந்தது. இஸ்தான்புல்லின் ஆர்மீனிய இதழாசிரியர் ஹ்ரான்ட் டிங்க், துருக்கிய அடையாளத்தை இழிவுபடுத்தியதாக 2005இல் தண்டிக்கப்பட்டார். நடந்தது இனப்படுகொலை என்று ஒரு பேட்டியில் சொன்னதற்காக மறு ஆண்டு அவர்மீது இன்னொரு வழக்கும் போடப்பட்டது. அதே 2006இல் ஆர்மீனியர் இனப்படுகொலை மறுப்பைக் குற்றமாக்கும் மசோதாவை பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய மன்றம் ஏற்றபோது, டிங்க் அதையும் எதிர்த்தார். 2007 ஜனவரியில், தம் அலுவலக வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.