மலையூருக்கு ஓர் ஓடுதளம்: இடம் பார்ப்பது முதல் காலைச் சுற்று வரை

பழைய வடாற்காட்டின் மலையூர்களில், நோயாளியை டோலி கட்டி அடிவாரம் வரை தூக்கி வரும் வழக்கம் இன்னும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. அணைக்கட்டுப் பகுதியில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளின் குக்கிராமங்களை அறிந்தவர்களுக்கு அந்தத் தூரம் கால்களால் தெரியும். அப்படிப்பட்ட ஓர் ஊரில் சிறு விமானம் வந்திறங்க ஒரு தளம் அமைக்க வேண்டுமானால் எதை முதலில் பார்க்க வேண்டும், அமைத்த பிறகு எப்படிக் காக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். அப்துல்லாபுரத்தில் உள்ள பழைய ஓடுதளம் சமவெளியில், நகரத்தை ஒட்டிக் கிடப்பது. மலைக்குக் கணக்கே வேறு.

முதல் வேலை நிலத்தின் வகைப்பாட்டைப் பார்ப்பது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையோடு, பள்ளி, மருந்தகம், சாலை போன்ற வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், பயன்படுத்த இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் விமான ஓடுதளம் இல்லை; இருந்தாலும் அந்த அளவு போதாது, ஏனென்றால் ஓடுபாதையும் அதன் இருபக்க வெற்றிடமுமாக 940 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் என்று வைத்தாலே ஐந்தரை ஹெக்டேரைத் தாண்டிவிடும். ஆகவே பட்டா நிலமோ வருவாய்த்துறைப் புறம்போக்கோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால், வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் ஒப்புதல் பெறும் நீண்ட வழிதான் மீதி. இது முடிவாகாமல் ஜே.சி.பி.யை மலையேற்றுவது டீசலுக்குக் கேடு. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி இதற்கு மேல் தனியாக வேண்டும்.

அடுத்தது காற்று. நம் பக்கத்தில் ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருவதால், ஓடுபாதையைத் தென்மேற்கு–வடகிழக்காகக் கிடத்துவதே பொதுவாகப் பொருந்தும். ஆனால் இரண்டு மலைமுகடுகளுக்கு நடுவே காற்று தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஆகவே தேர்ந்த இடத்திலேயே ஒரு கம்பத்தில் துணி கட்டி, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஓராண்டு குறித்து வையுங்கள். 1,200 மீட்டருக்குக் குறைந்த பாதைகளைத் திட்டமிடும்போது, குறுக்குக் காற்று மணிக்கு 19 கி.மீ.க்கு மேல் போகாத நேரம் 95 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். பாதை காந்தத் திசையில் 50 பாகையை நோக்கினால், அத்திசையில் ஓடத் தொடங்கும் முனைக்கு 05 என்றும், எதிர்முனைக்கு 23 என்றும் எண் எழுதுவார்கள்.

நீளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உயரம் கூடக் கூடவும் வெப்பம் ஏற ஏறவும் காற்றின் அடர்த்தி குறைகிறது. இறக்கைக்குத் தாங்கல் குறைவதோடு எஞ்சினின் திறனும் தளர்கிறது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 விழுக்காடும், விமானக் கணக்கில் அந்த உயரத்துக்கென்று வைத்திருக்கும் இயல்பு வெப்பத்தைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 விழுக்காடும் நீளத்தில் சேர்க்க வேண்டும். காவலூர் வான் ஆய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில் 600 மீட்டர் போதுமான விமானத்துக்கு, உயரத்துக்காக மட்டும் 701 மீட்டர் ஆகிறது. அவ்வுயரத்துக்கு அந்தக் கணக்கு வைக்கும் இயல்பு வெப்பம் சுமார் 10 டிகிரி; கோடை உச்சம் 32 என்று வைத்தால் 22 விழுக்காடு கூடி, ஏறத்தாழ 855 மீட்டர் ஆகும். பாதை 1 விழுக்காடு சரிந்திருந்தால் மேலும் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்து 940 என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். உயரமும் வெப்பமும் சேர்ந்து 35 விழுக்காட்டைத் தாண்டினால் இந்த மனக்கணக்கை நம்பக் கூடாது; நம் கணக்கு தாண்டிவிட்டது என்பதால், குறிப்பிட்ட விமானத்தின் செயல்திறன் அட்டவணையைக் கொண்டு பொறியாளர் தனியே ஆய்வு செய்தாக வேண்டும்.

சரிவு நீளவாக்கில் 2 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. நேபாளத்தின் லுக்லாவில் 527 மீட்டர் பாதை 11.7 விழுக்காடு சரிந்திருக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே ஏற்றத்தில் இறங்கி இறக்கத்தில் ஏறுகிறார்கள். எதிரே மலை என்பதால் இறங்கத் தொடங்கியவர் மீண்டும் எழும்ப வழியில்லை. அதை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள். அங்கே எடுத்துக்கொள்ளத் தக்கது வேறொன்று: 1964-இல் எட்மண்ட் ஹிலாரி அந்தத் தளத்தை அமைத்தபோது, ஷெர்பாக்கள் வரிசையாகக் கால் மிதித்து ஆடி மண்ணை இறுக்கினார்கள்.

குறுக்குவாட்டில் நடு உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும். 18 மீட்டர் அகலப் பாதையில் 2 விழுக்காடு என்றால் நடுக்கோடு ஓரத்தைவிட 18 செ.மீ. உயரம். ஓரத்து வாய்க்கால்களை ஐப்பசி அடைமழைக்கு முன்பே தூர்வாரிவிடுங்கள். கிராவல் பரப்பி ரோலர் ஓட்டிய பாதையில் உதிரிக் கல்லைப் பெருக்கி எடுப்பது அவசியம். விமானத்தின் சுழலும் காற்றாடியின் விசையில் எழும்பும் சிறு கல் அதன் அலகையே சிதைக்கும். மழை விட்ட பிறகு, பாரம் ஏற்றிய வண்டி ஒன்றைப் பாதை முழுவதும் வளைத்து வளைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சக்கரத் தடம் ஓர் அங்குலத்துக்கு மேல் பதிந்தால் அன்றைக்குத் தளம் மூடல்தான்.

காற்றின் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டும் துணிக்குழலான காற்றுப்பையின் நீளம் 3.6 மீட்டருக்கும், வாயின் விட்டம் 0.9 மீட்டருக்கும் குறையக் கூடாது. 300 மீட்டர் உயரத்திலிருந்து விமானிக்குத் தெரிய வேண்டும்.

எந்தக் கையேடும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். தார்ச்சாலையில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி, போகிற வண்டிகளை ஏறவிட்டு அடிப்பவர்கள் நாம். மேடுபள்ளமில்லாத 940 மீட்டர் தரையைக் கண்டால் சாமை அறுத்த வீட்டார் சும்மா இருப்பார்களா? வேலி போட்டுத் துரத்துவதைவிட, வெற்றிடத்துக்கு வெளியே சிமென்ட் களம் ஒன்று கட்டிக் கொடுப்பது மலிவு. தை மாதத்தில் எருது விடும் விழாவுக்கு இதைவிட நேரான தடம் கிடைக்காது என்று இளைஞர்கள் கேட்டு வருவார்கள். அதற்கும் முன்கூட்டியே கிராம சபையில் பேசி மாற்றிடம் முடிவு செய்துகொள்ளுங்கள். இறைச்சிக் கழிவு கொட்டினால் பருந்தும் கழுகும் வட்டமிடும். விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. வட்டத்துக்குள் விலங்கறுத்துக் கழிவை வெளியே போடுவதை 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி தடுக்கிறது.

விமானம் வரும் நாளில், ஊரார் ஒருவர் விடிந்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓர் ஓரமாக நடந்து, மறு ஓரமாகத் திரும்ப வேண்டும். எலி வளை, பன்றி கிளறிய குழி, மாட்டுச் சாணம், விழுந்த கிளை, தேங்கிய நீர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, காற்று எந்தப் பக்கம், எதிர் முகடு மூடுபனி இல்லாமல் தெரிகிறதா என்பதையும் சேர்த்து விமானிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கண்ணால் காணாததை "சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லக் கூடாது. தளம் தகுதியாக இல்லையென்றால் பேச்சோடு நிறுத்தாமல், ஓடுபாதையின் இரு முனைகளிலும் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். அழைப்பு எட்டாத விமானிக்கும் அது மேலிருந்து புரியும்.