உலோகக் கால் வீரர்கள்: அறிவியல் புனைகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதையில் வீரனுக்குக் கால் போனால் அடுத்த அத்தியாயத்திலேயே உலோகக் கால் வந்துவிடும். அதன் மோட்டாரைப் பற்றி ஒரு பக்கமும் வரும். செயற்கைக் கால் படுத்தும் பாடு பெரும்பாலும் மோட்டாரில் இல்லை, எஞ்சிய காலைச் செருகும் கிண்ணம் போன்ற சாக்கெட்டில்தான். எஞ்சிய காலின் பருமன் ஒரே நாளுக்குள் மாறும். காலையில் இறுக்கமாக இருந்த சாக்கெட் மாலையில் ஆடும். கழற்றி இன்னொரு சாக்ஸ் போட்டு மாட்ட வேண்டும். வியர்த்தால் உள்ளே இருக்கும் சிலிக்கோன் உறை வழுக்கும். தோல் உரிந்து புண்ணானால் அது ஆறும்வரை செயற்கைக் காலை மாட்டவே கூடாது. பாலைவனக் கோளில் மூன்று நாள் நடை என்று எழுதுபவர்கள் இந்த நிறுத்தங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சாக்கெட்டே வேண்டாம் என்றால், தொடை எலும்புக்குள் டைட்டானியம் பதித்து அதில் காலைப் பொருத்தும் முறை 1990 முதலே ஸ்வீடனில் உண்டு. அங்கே சிக்கல் வேறு: உலோகம் தோலைத் துளைத்து வெளியே வரும் இடம் கிருமித் தொற்றுக்குத் திறந்தே கிடக்கிறது.

ஒற்றை இயந்திரக் கையால் வண்டியைத் தூக்குவது அடுத்த தவறு. கை எத்தனை டன் தாங்கினாலும் பாரம் தோள்பட்டை, முதுகெலும்பு, இடுப்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கும். முதலில் முறிவது எலும்புதான். தூக்கத்தான் வேண்டுமென்றால் பாரத்தை நேராகத் தரைக்கு இறக்கும் வெளிக்கூடு ஒன்றை மாட்டிவிடுங்கள்.

மின்கலத்தையும் மறந்துவிடுகிறார்கள். கணினிச் சில்லு வைத்த முழங்கால் மூட்டுகள் 1990களிலிருந்தே விற்பனையில் உள்ளன; அவற்றுக்குத் தவறாமல் சார்ஜ் ஏற்ற வேண்டும். முற்றுகையில் சிக்கிய படைக்கு இது வெறும் விவரம் இல்லை, கதைத் திருப்பம்.

விண்வெளியில் காலில்லாதவரைத் தரையில் இருப்பது போலவே தடுமாறவிடுவதும் பிழை. எடையற்ற நிலையில் நகர்வது கைகளால். கால் தேவைப்படுவது பிடிப்பட்டையில் பாதத்தைச் செருகி நிலைகொள்ளத்தான். வலது காலை முழங்காலுக்கு மேலேயே இழந்த ஜான் மெக்ஃபாலை ஐரோப்பிய விண்வெளி முகமை தன் விண்வெளி வீரர் குழுவுக்கு 2022இல் தேர்ந்தெடுத்தது. உண்மையான இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது: அங்கே உடல்நீர் தலைப்பக்கம் நகர்ந்து கால்கள் மெலியும். பூமியில் அளவெடுத்த சாக்கெட் சரியாகப் பொருந்தும் என்று நம்ப முடியாது.

இன்னொன்று, கை கால் இழப்பு மட்டுமே கண்ணில் படுவது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் மிக அதிகமாகப் பதிவாகும் படைப்பணி சார்ந்த குறைபாடு காதுக்குள் ஓயாத இரைச்சல். அந்த இரைச்சலோடு தலைக்கவச வானொலியில் கட்டளை கேட்கும் வீரனை எழுதுங்கள்: ‘ஏழு’ என்பது ‘எட்டு’ என்று விழும், எனவே அவனுக்கு எண்கள் திரையிலும் வர வேண்டும்.